எம்.டெக்.கா, எம்.எஸ். ஆராய்ச்சியா? பத்து நாளில் பதில் சொல்ல வேண்டும்

கோவில்பட்டி_சிவில்:

எல்லோருக்கும் வணக்கம். பி.இ. சிவில் முடித்து இரண்டரை வருடமாகப் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு அடுக்குமாடி சைட்டில் இன்ஜினியராக இருக்கிறேன். காலை ஏழு மணிக்கு கான்கிரீட் வண்டி வருவதற்கு முன் போய் நின்றால் இரவு ஸ்லாப் முடியும்வரை அங்கேதான். அறைக்கு வந்து இரவில் படித்து, முதுநிலைப் பொறியியலுக்கான கேட் நுழைவுத் தேர்வு எழுதினேன். ஸ்கோர் 640க்குப் பக்கம்.

இப்போது கையில் இரண்டு இடம். ஒன்று, ஒரு என்.ஐ.டி.யில் எம்.டெக். ஸ்ட்ரக்சுரல். இரண்டு வருடம், பாடம், ப்ராஜெக்ட், முடிந்தது. இன்னொன்று சென்னை ஐஐடியில் எம்.எஸ். ஆராய்ச்சி. சிவில் துறையில் கட்டுமானப் பொருட்கள் பக்கம். இன்டர்வியூவில் கான்கிரீட் ஏன் வெடிக்கிறது, கியூரிங் ஏன் செய்கிறோம் என்று முக்கால் மணி நேரம் கேட்டார்கள். சைட்டில் பார்த்ததையே சொன்னேன். எனக்கே ஆச்சரியம், எடுத்துக்கொண்டார்கள்.

மனம் எம்.எஸ். பக்கம்தான் போகிறது. ஆனால் நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். "எம்.எஸ். எப்போ முடியும்னு யாருக்கும் தெரியாது", "கைடு கையில்தான் உன் தலையெழுத்து", "வெளியே வந்தால் எம்.டெக். இல்லையா என்று கேட்பார்கள்" என்கிறார்கள். அப்பா தீப்பெட்டி ஆலையில் வேலை செய்கிறார், தங்கை நர்சிங் இரண்டாம் வருடம். என் சம்பளம் 24,000. அதில் 10,000 வீட்டுக்குப் போகிறது. தப்பான முடிவெடுக்க எனக்கு இடமில்லை.

எம்.எஸ். படித்தவர்கள் யாராவது உண்மையில் அது எப்படி இருக்கும் என்று சொல்ல முடியுமா? இணையதளத்தில் இருக்கும் விதிமுறைகளைப் படித்துவிட்டேன். அதில் இல்லாதது வேண்டும்.

---

வேதாரண்யம்_மேகலா:

தம்பி, நான் படித்தது நீங்கள் சொல்கிற அதே துறையில்தான். 2016 ஜூலையில் சேர்ந்தேன், தீசிஸ் கொடுத்தது 2019 செப்டம்பரில். மூன்று வருடம் இரண்டு மாதம். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் வித்தியாசம். எம்.டெக்.கில் முதல் வருடம் முழுக்கப் பாடம். அடுத்த வருடம் ப்ராஜெக்ட். குறிப்பிட்ட தேதிக்குள் கையில் இருப்பதை எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிடலாம். எம்.எஸ்.ஸில் பாடங்கள் குறைவு, நன்றாகத் திட்டமிட்டால் முதல் வருடத்திலேயே முடிந்துவிடும். மற்றதெல்லாம் ஒரே ஒரு கேள்வி. அந்தக் கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்கிறது என்று ஜி.டி.சி. (உங்கள் ஆராய்ச்சியை மதிப்பிடும் பேராசிரியர்கள் குழு) நம்ப வேண்டும், செமினார் கொடுக்க வேண்டும், சினாப்சிஸ் ஏற்கப்பட வேண்டும், தீசிஸ் பரிசோதகருக்குப் போய்த் திரும்ப வேண்டும், வைவா நடக்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு இரண்டரையிலிருந்து மூன்று வருடம் ஆகிறது. உங்கள் நண்பர்கள் சொன்னதில் அந்தப் பகுதி உண்மைதான்.

ஆனால் ஏன் அவ்வளவு நாள் ஆகிறது என்பதை அவர்கள் சொல்லியிருக்க மாட்டார்கள். நம் துறையில் முக்கியக் காரணம் சிமென்ட். அதற்கு அவசரம் தெரியாது.

என் ஊர் வேதாரண்யம். உப்பளத்திலிருந்து எங்கள் வீடு நடக்கிற தூரம். நான் பத்தாவது படிக்கும்போது வாசல் சன்ஷேடின் அடிப்பக்கம் பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுந்தது, உள்ளே கம்பி செங்கல் நிறத்தில் உப்பி நின்றது. கட்டிப் பதினோரு வருடம்தான் ஆகியிருந்தது. அப்பா கொத்தனாரைத் திட்டினார். கொத்தனார் உப்புக்காற்றைத் திட்டினார். கல்லூரிக்குப் போன பிறகுதான் புரிந்தது. கான்கிரீட்டுக்குள் காரத்தன்மை அதிகம் என்பதால் கம்பிமேல் மெல்லிய பாதுகாப்புப் படலம் இருக்கும். உப்பின் குளோரைடு, கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டான கவர் வழியாக மெதுவாக உள்ளே போய் அந்தப் படலத்தை உடைத்துவிடும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், கவர் வெடிக்கும். அந்தக் குளோரைடு எவ்வளவு வேகத்தில் போகிறது, எந்தச் சிமென்டில் தாமதமாகிறது என்பதுதான் என் எம்.எஸ். கேள்வி. சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும் சேர்த்த எல்.சி.3 என்ற சிமென்டைச் சாதாரணச் சிமென்டோடும் அனல்மின் நிலையச் சாம்பல் கலந்ததோடும் ஒப்பிட்டேன். எல்.சி.3யில் பாதிதான் கிளிங்கர் (சூளையில் சுட்டெடுக்கும் சிமென்டின் மூலப்பொருள்), 30 சதவீதம் சுட்ட களிமண், 15 சதவீதம் சுண்ணாம்புக்கல், மீதி ஜிப்சம்.

கணக்குப் பாருங்கள். ஆறு கலவை. ஒவ்வொன்றுக்கும் 28, 56, 90, 180, 365 நாள் சோதனை. ஒவ்வொரு வயதுக்கும் மூன்று கியூப், அதாவது சோதனைக்கு வார்க்கும் கான்கிரீட் கட்டி. மொத்தம் 90 கியூப், ஒன்று எட்டு கிலோ, ஆக 720 கிலோ. இது அழுத்தச் சோதனைக்கு மட்டும். குளோரைடுக்கு சிலிண்டர் தனி. நீங்கள் சைட்டில் கான்கிரீட் போட்டவர் என்பதால் இந்த வேலை உங்களைப் பயமுறுத்தாது. 365 நாள் என்ற எண்ணை மட்டும் கவனியுங்கள். எட்டாவது மாதம் கான்கிரீட் போட்டால் கடைசி அளவீடு இருபதாவது மாதம் வரும். போடுவது மூன்று மாதம் தள்ளிப்போனால் எல்லாமே மூன்று மாதம் தள்ளிப்போகும். இரவு பகலாக உழைத்தும் அதைப் பிடிக்க முடியாது.

எனக்கு நடந்ததையும் சொல்கிறேன். குளோரைடுக்கு நாங்கள் செய்த ஒரு சோதனையில் 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டரை 50 மில்லிமீட்டர் துண்டுகளாக அறுப்போம். ஒரு பக்கம் உப்புக் கரைசல், மறுபக்கம் காரக் கரைசல், நடுவில் 60 வோல்ட், ஆறு மணி நேரம். எத்தனை கூலும் (மின்னூட்டத்தின் அலகு) கடந்தது என்று பார்ப்போம். எண் கூடினால் குளோரைடு எளிதாக உள்ளே போகும் என்று அர்த்தம். 28 நாளில் ஒரே சிலிண்டரின் ஒரு துண்டு 1,900 காட்டியது, இன்னொன்று 3,100. ஒன்றை 'குறைவு' என்று எழுத வேண்டும், மற்றதை 'மிதமானது' என்று. பெரிய எண்ணைப் பிழை என்று தள்ளிவிடலாம் என நினைத்துக்கொண்டு கைடிடம் போனேன். அவர் ஒரே கேள்வி கேட்டார்: "இதில் எது மேல் துண்டு?"

நான் குறித்துவைக்கவே இல்லை.

புதுக் கான்கிரீட்டில் கனமானது கீழே இறங்கும், தண்ணீர் மேலே ஏறும். உங்களுக்குத் தெரியும், ஸ்லாப் மேல் பளபளவென்று நிற்குமே, அதேதான். அதனால் சிலிண்டரின் மேல்பகுதியில் நுண்துளை அதிகம். என் இரண்டு எண்களுமே சரியாக இருந்திருக்கலாம். எது எந்த இடம் என்று தெரியாததால் இரண்டையும் வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. கைடு கோபப்படவில்லை. "மறுபடி போடுவோமா?" என்று மட்டும் கேட்டார். ஆறு கலவைக்கும் சிலிண்டர்களைத் திரும்பப் போட்டேன். நான்கு மாதம் போனது. அன்று இரவு அம்மாவுக்குப் போன் செய்து அழுதேன்.

இன்று ஒரு கட்டுமான ரசாயன நிறுவனத்தின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். மூன்று கியூபும் ஒரே மாதிரி 41.2, 41.2, 41.3 என்று ஒரு ரிப்போர்ட் வந்தால் எனக்குத் தூக்கம் வராது. சராசரியிலிருந்து 15 சதவீதம்வரை விலகலாம் என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456லேயே சொல்லியிருக்கிறார்கள், நிஜக் கான்கிரீட் அப்படித்தான் இருக்கும். உங்கள் சைட் கியூப் ரெஜிஸ்டரை ஒருமுறை புரட்டிப் பாருங்கள், நான் சொல்வது புரியும். அந்த நான்கு மாதம் எனக்குக் கொடுத்தது இந்தக் கண்ணைத்தான். பாடம் படித்து மட்டும் எனக்கு அது வந்திருக்காது என்று உறுதியாக நம்புகிறேன்.

அதனால் எம்.எஸ்.ஸா எம்.டெக்.கா என்பதை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். யாரிடம், எந்தக் கேள்விக்காகச் சேரப் போகிறீர்கள் என்று முதலில் பாருங்கள். பத்து நாள் இருக்கிறது, நீங்கள் இருப்பதும் சென்னையில்தான். ஒரு நாள் லீவு போட்டு அந்த லேபுக்குப் போங்கள். கைடைப் பார்ப்பதற்கு முன் மூன்றாம் வருட மாணவர் ஒருவரைப் பிடித்து டீக்கடைக்கு அழைத்துப்போங்கள். இதற்கு முன் இதே கைடிடம் எம்.எஸ். முடித்தவர்களுக்கு எத்தனை மாதம் ஆனது, எழுதிக் கொடுத்த அத்தியாயம் எத்தனை நாளில் திரும்பி வரும், மெஷினுக்கு எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்று கேளுங்கள். முடிந்தால் அந்த லேபிலிருந்து வந்த ஒரு தீசிஸை வாங்கி, கடைசி அத்தியாயத்தை மட்டும் படியுங்கள். "இதைச் செய்ய நான் மூன்று வருடம் கொடுப்பேனா?" என்று உங்களையே கேட்டுப் பாருங்கள்.

---

ஆர்கே_மெக்கானிக்கல்:

மேகலா மேடம் எழுதியதை இரண்டு முறை படித்தேன். நான் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், கேட்டவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

நான் எம்.எஸ். சேர்ந்து இருபது மாதத்தில் பட்டம் இல்லாமல் வெளியே வந்தவன். வேறு ஊர், வேறு நிறுவனம், பெயர் வேண்டாம். கொதிக்கும் நீரில் குமிழி எப்படி உருவாகி விலகுகிறது என்பதைப் படம் பிடித்து வெப்பப் பரிமாற்றத்தைக் கணக்கிட வேண்டும். அழகான தலைப்பு, இன்றும் அதை நேசிக்கிறேன். ஆனால் அதற்கு வேண்டிய அதிவேகக் கேமரா வெளிநாட்டிலிருந்து வர வேண்டியிருந்தது. டெண்டர், மறு டெண்டர், சுங்கம் என்று பதினான்கு மாதம். அதற்குள் கைடு ஒரு வருட விடுப்பில் வெளிநாடு போய்விட்டார். மின்னஞ்சலில் பேசினோம். அவரையும் குறை சொல்ல மனமில்லை, அவருடைய வாய்ப்பு அது. கேமரா வந்த மாதம் அப்பாவுக்கு மாரடைப்பு. வீட்டில் சம்பாதிக்க வேறு ஆள் இல்லை. வந்துவிட்டேன்.

அதனால் மேடத்தின் கேள்விகளோடு இன்னும் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: இன்றைக்கு லேபில் இருக்கிற கருவியை மட்டும் வைத்துப் பாதித் தீசிஸாவது எழுத முடியுமா? "வரப்போகிறது" என்று சொல்லும் கருவியை நம்பி முழுத் தலைப்பையும் எடுக்காதீர்கள். கைடு அடுத்த இரண்டு வருடமும் இங்கேதான் இருப்பாரா என்று நேரடியாகவே கேளுங்கள். மரியாதைக் குறைவு என்று நினைக்க வேண்டாம், நல்ல கைடு யாரும் அதற்குக் கோபப்பட மாட்டார். இன்னொருவரை இணைக் கைடாகப் போட முடியுமா என்றும் கேட்டு வையுங்கள்.

இப்போது கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் இருக்கிறேன். அந்த இருபது மாதம் வீணா என்று பலர் கேட்டுவிட்டார்கள். ஒரு பம்பின் எஃபிஷியன்சி 62 சதவீதம் என்று எழுதும்போது, ஃப்ளோமீட்டரில் எவ்வளவு பிழை, பிரஷர் கேஜில் எவ்வளவு பிழை, இரண்டும் சேர்ந்தால் அந்த 62 எவ்வளவு ஆடும் என்று கணக்குப் போட இங்கே எனக்குத்தான் தெரியும். அதைக் கற்றுக்கொண்டது அந்த லேபில். ஆனாலும் பட்டம் கையில் இல்லாதது இன்றும் வலிக்கிறது. இரண்டும் உண்மை.

---

விருதை_விரிவுரையாளர்:

வேலை பற்றிய சந்தேகத்துக்கு மட்டும் பதில். நான் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியர். தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்திய கவுன்சிலின் (ஏஐசிடிஇ) விதியில் உதவிப் பேராசிரியருக்கான தகுதியாக எம்.இ., எம்.டெக்., எம்.எஸ். என்று மூன்றும் சேர்த்தே எழுதப்பட்டிருக்கிறது. பி.இ.யிலோ முதுநிலையிலோ ஒன்றிலாவது முதல் வகுப்பு வேண்டும். ஆக ஆசிரியர் வேலைக்கு எம்.எஸ். குறைச்சல் கிடையாது. பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யில் முன்பு எம்.எஸ்சி. இன்ஜினியரிங் என்று கொடுத்ததை இப்போது எம்.டெக். ரிசர்ச் என்று மாற்றிவிட்டார்கள். பெயர்க் குழப்பம் எல்லா இடத்திலும் இருந்திருக்கிறது. அரசு, பொதுத்துறை விளம்பரங்களில் மட்டும் தகுதி வரியை ஒவ்வொரு முறையும் வார்த்தை வார்த்தையாகப் படியுங்கள்.

பிஎச்.டி. எண்ணம் இருந்தால் எம்.எஸ். சேர்ந்த பிறகு அதிலிருந்தே பிஎச்.டி.க்கு மாறும் வழி இருக்கிறது. சேர்ந்த முதல் வாரமே அதை முடிவு செய்ய வேண்டாம்.

---

கோவில்பட்டி_சிவில்:

மூவருக்கும் நன்றி. கியூப் ரெஜிஸ்டரை நேற்றே புரட்டினேன். மேகலா அக்கா, நீங்கள் சொன்னது போலவே மூன்று மூன்றாக ஒரே மாதிரி எண்கள். என் கையெழுத்தும் அதில் இருக்கிறது. அதைப் பற்றி இங்கே அதிகம் எழுத முடியவில்லை.

இப்போது உறுத்துவது பணம்தான். உதவித்தொகை மாதம் 12,400 என்று போட்டிருக்கிறது. வீட்டுக்கு அனுப்பும் பத்தாயிரத்தை நிறுத்தினால் தங்கை ஃபீஸ் நிற்கும். அப்பா "நீ படி, நான் பார்த்துக்கிறேன்" என்கிறார். அவர் எப்படிப் பார்ப்பார் என்பது எனக்குத் தெரியும்.

---

வேதாரண்யம்_மேகலா:

நான் சேர்ந்தபோதும் அதே 12,400தான் தம்பி. வாரத்துக்கு எட்டு மணி நேரம் பி.டெக். லேபில் உதவியாளர் வேலை செய்ய வேண்டும், அதற்கான பணம் அது. மெஸ், ஹாஸ்டல் போக என்னால் மாதம் மூவாயிரம் அனுப்ப முடிந்தது, அதுவும் எல்லா மாதமும் இல்லை. பத்தாயிரம் முடியாது. இதைப் பூசி மெழுகிப் பேச எனக்கு மனம் வரவில்லை.

ஒரு வழி இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். கைடுகளிடம் அரசு நிதியிலோ கம்பெனி நிதியிலோ ப்ராஜெக்ட் ஓடும். அதில் ஊழியராகச் சேர்ந்து சம்பளம் வாங்கிக்கொண்டே எம்.எஸ். பதிவு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் லேபிலேயே இரண்டு பேர் அப்படி முடித்தார்கள். ப்ராஜெக்ட் வேலையும் தீசிஸும் ஒரே தலைப்பாக அமைந்தால் நல்லது. வேறு வேறாக இருந்தால் பகலில் ஒன்று, இரவில் ஒன்று என்று ஆகி உடம்பு கெடும். இடம் இருக்கிறதா, இப்போது கிடைத்த அட்மிஷனை அப்படி மாற்ற முடியுமா என்று கைடிடமும் அலுவலகத்திடமும் இந்த வாரமே கேளுங்கள்.

தங்கை படிப்புக்கு வங்கிக் கல்விக் கடன் எடுக்கும் வழியையும் பாருங்கள். அப்புறம் முக்கியமாக, அப்பாவிடம் "பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடாதீர்கள். ஒரு தாளை எடுத்து முப்பத்தாறு மாதத்துக்கு வரவு, செலவு, தங்கை ஃபீஸ் மாதம் என்று எழுதி, அவர் பக்கத்தில் உட்கார்ந்து காட்டுங்கள். இருபத்துநாலு என்று போடாதீர்கள், முப்பத்தாறு என்றே போடுங்கள். எங்கள் அப்பாவிடம் நான் அதைச் செய்யவில்லை. மூன்றாவது வருடம் ஒவ்வொரு போனிலும் "இன்னும் முடியலையாம்மா?" என்று அவர் கேட்டபோதெல்லாம் அதற்காக வருந்தினேன்.

கையெழுத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதை நினைத்து இங்கே எழுதத் தோன்றியதே போதும், மேற்கொண்டு விளக்க வேண்டாம்.

---

கோவில்பட்டி_சிவில்:

வெள்ளிக்கிழமை போய் வந்தேன். வேளச்சேரி பக்க கேட்டில் இறங்கி உள்ளே நடந்தேன், வழியெல்லாம் மான். லேபில் மூன்றாம் வருட அக்கா ஒருவர் சிலிண்டர் அறுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சிலிண்டர் பக்கவாட்டிலும் மேல்நோக்கிச் சிவப்புப் பெயின்டில் ஒரு அம்புக்குறி. ஏன் என்று நான் கேட்கவில்லை, எனக்குத் தெரியும் என்பதில் அவ்வளவு சந்தோஷம். அவருக்கு முன் முடித்த இருவருக்கும் முப்பத்து மூன்று மாதம், முப்பத்து நான்கு மாதம். அத்தியாயம் பத்து நாளில் திரும்பி வருமாம்.

கைடையும் பார்த்தேன். ஆர்கே அண்ணன் சொன்ன இரண்டையும் கேட்டேன். கருவிகளை அவரே கூட வந்து காட்டினார். ப்ராஜெக்டில் ஒரு இடம் காலியாகப் போகிறது, விண்ணப்பிக்கச் சொல்லியிருக்கிறார். கிடைத்தால் வீட்டுக்கு ஏழாயிரமாவது அனுப்பலாம். அப்பாவிடம் முப்பத்தாறு மாதத் தாளைப் போனில் படித்துக் காட்டினேன். நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தச் சொல்லி, தங்கையின் கடைசி வருட ஃபீஸைத் திருத்தினார்.

எம்.எஸ்.ஸுக்குச் சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். சேர ஆறு வாரம் இருக்கிறது. அதுவரை எதைப் படிக்கட்டும் அக்கா?

---

வேதாரண்யம்_மேகலா:

ரொம்ப சந்தோஷம் தம்பி. புள்ளியியல் கொஞ்சம் படியுங்கள், சராசரி, திட்டவிலக்கம் கையில் வர வேண்டும். மற்றது வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சைட்டை விட்டு வருவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். கான்கிரீட் கலக்கும் பேட்சிங் பிளான்டுக்கு வருகிற சாம்பலின் நிறம் லோடுக்கு லோடு மாறுவதைக் கவனித்திருப்பீர்கள். அங்கே கேட்டு, வேறு வேறு தேதியில் வந்ததில் ஒவ்வொரு கிலோ வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வையுங்கள். மறக்காமல் ஒவ்வொரு டப்பாவின் மேலும் தேதி எழுதுங்கள்.